பஹ்ரைன் ஆட்டம் இனி இல்லை

யஹ்யாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வளைகுடா ரக்பி லீக்கைக் கலைத்துவிட்டார்கள். இனி அந்தந்த நாட்டுக்குள்தான் ஆட்டமாம். நம் மகனின் துபாய் அணி பஹ்ரைனுக்கு வராது. நீங்கள் சவூதியின் அல் கோபாரிலிருந்து பாலம் கடந்து வந்து அவனைப் பார்ப்பதும் இதோடு முடிந்தது.

நேற்று பூட்ஸைச் சுவரில் வீசினான்.

"வாப்பாவ இனி எங்க போய்ப் பாக்குறது? சொல்லுங்க உம்மா!"

இந்த வாசலை நீங்கள் மிதிக்கக் கூடாது என்று நான் சொன்னது அவனுக்கும் தெரியும். இரவு அவன் சாப்பிடவில்லை. நானும்தான்.

பெருநாள் லீவில் அவனைப் பார்க்க வீட்டுக்கே வாருங்கள். அன்று நான் டூட்டிக்குப் போய்விடுவேன் என்றுதான் எழுத நினைத்தேன்.

போகவில்லை. லீவு சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகனின் உம்மா