நான்கு ஜனாதிபதிகளும் ஒரு புகைப்படமும்

ஹம், ஜெர்மனி,
09.09.2008

அன்புள்ள தம்பி பென்ஜமினுக்கு,

அக்கா கொறற்றி எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அதைப் பின்னுக்கு வைக்கிறேன். கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முதலில் எடுத்துப் பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பதினான்காம் திகதி, கொழும்பிலிருந்து திருச்சிக்குப் போகிற விமானச் சீட்டு அது. உன் பெயரில்தான் எடுத்திருக்கிறேன். அம்மாவைப் பார்க்கப் போன ஜூனில் எடுத்த இந்திய விசா நவம்பர் வரை செல்லும் என்று நீயே சொன்னாய். ஏன் எதற்கென்று கேட்காமல் புறப்படுகிற ஆள் நீ இல்லை என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடு. சீட்டைக் கிழித்துவிடாதே.

இதைக் கொண்டுவருகிறவர் எங்கள் தெருவில் இருக்கும் யோகம் அக்கா. தாயாரின் முப்பத்தோராம் நாள் நினைவுக்காக வியாழக்கிழமை கொழும்புக்குப் பறக்கிறார். தபாலை நம்ப முடியாது. போனையும் நம்ப முடியாது. போன வெள்ளிக்கிழமை போன் எடுத்து, அம்மாவுக்குக் கடுமை, உடனே திருச்சிக்குப் போ என்று சொன்னேன் அல்லவா? இப்பதானே அம்மாவோட கதைச்சனான், அவ மாமியோட சண்டை பிடிச்சுக்கொண்டு நல்லாத்தான் இருக்கிறா என்று நீ சிரித்தாய். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஆபத்து உனக்குத்தான் தம்பி. அதை உண்டாக்கியது நான்.

ஒரு வருடமாக நீ எழுதி என் மகள் யூலியாவின் மின்னஞ்சலுக்குப் பகுதி பகுதியாக அனுப்பி வைத்த கட்டுரையைப் பற்றித்தான் சொல்கிறேன். பத்திரிகையில் மற்றவர்களின் பிழைகளைத் திருத்திவிட்டு வந்து, அறைக்குள் இருந்து நீ எழுதியது. எழுபத்தெட்டில் நாட்டில் நிறைவேற்று ஜனாதிபதிப் பதவி உண்டான நாளிலிருந்து இன்றுவரை கதிரையில் இருந்த நான்கு பேரையும், இடையில் ஒன்றரை வருடம் இருந்தவரை அடிக்குறிப்பிலும், ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே கேள்விகளைக் கேட்டிருந்தாய். சட்டம் தராத எதை எடுத்தார்? தட்டிக் கேட்டவரை என்ன செய்தார்? முன்னவர் செய்த எந்த அநியாயத்தைக் கண்டித்துவிட்டுத் தானும் செய்தார்? யூலியா அச்செடுத்துத் தர, வேலை முடிந்து வரும் பஸ்சில் வைத்து வாசித்தேன். எனக்கு அரசியல் தெரியாது என்று அத்தான் சொல்லுவார். ஆனால் முதலாமவர் தன் கட்சி எம்.பி.க்களிடம் திகதி போடாத ராஜினாமாக் கடிதங்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததை வாசித்தபோது இறங்க வேண்டிய தரிப்பைத் தவற விட்டேன். தன்மீது குற்றப் பிரேரணை வந்தபோது இரண்டாமவர் பாராளுமன்றத்தை ஒத்திவைத்ததும், பதவியையே ஒழிப்பேன் என்று வாக்குக் கேட்டு வந்தவரும் பிறகு அதே வழியில் பாராளுமன்றத்தை ஒத்திவைத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நீ யாரையும் திட்டவில்லை. திகதியை மட்டும் எழுதியிருந்தாய். எனக்கு அது திட்டியதை விடப் பயமாக இருந்தது.

உன் பெயர் எங்கும் வரக்கூடாது, நான் சொல்லும் வரை யாருக்கும் காட்டக்கூடாது என்று எழுதியிருந்தாய். நான் காட்டினேன்.

காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இங்குள்ள எங்கள் ஊர்க்காரரின் ஒன்றியத்தின் பத்தாவது ஆண்டு மலருக்கு ஆக்கங்கள் சேர்த்தார்கள். இவர்களுடைய மலர் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். பாதிப் பக்கம் கடை விளம்பரம், மீதிப் பக்கம் இன்னாரின் மகன் பொறியியலாளர், இன்னாரின் மருமகன் டொக்டர். எழுதியவரின் படம், முழுப்பெயர், தகப்பன் பெயர், ஊரில் எந்த வட்டாரம், இப்போது எங்கே என்பதெல்லாம் மேலே கட்டம் கட்டிப் போடுவார்கள். ஆக்கம் எப்படிப் போனாலும் கட்டத்தில் பிழை வரக்கூடாது. ஏப்ரல் மாதக் கூட்டத்தில் வெரோனிக்கா எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, உங்கட தம்பி இன்னும் உந்தப் பிழை திருத்துற வேலையிலதானோ என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று பட்டது. வீட்டுக்கு வந்து உன் கட்டுரையை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்கவில்லை. ஒரு கல்யாணத்தில் கோட் போட்டு எடுத்து நீ அனுப்பிய உன் படத்தையும் கொடுத்து, கட்டத்துக்கான விபரத்தை என் கையாலேயே எழுதினேன். அப்பாவின் பெயர், வட்டாரம், இப்போது நீ இருக்கும் வெள்ளவத்தை, எல்லாம். என் தம்பி யாரென்று அவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். அப்போது எனக்கு வேறொன்றும் நினைவில் வரவில்லை.

இரண்டாவது பிழை உன் அத்தானுடையது. ஒன்றியத்தின் தலைவர் அவர்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைவர் தெரிவு என்று யாப்பு விதிகளில் எழுதியிருக்கிறது. பத்து வருடமாக அவரே இருக்கிறார். ஒவ்வொரு முறையும் மண்டபம் கிடைக்கவில்லை, பனி, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று ஏதாவது வரும். உன் கட்டுரை இருபத்தொரு பக்கம். விளம்பரம் போக மிஞ்சியது நான்கு. என்னிடம் கேட்காமல், உன்னிடமும் கேட்காமல், முன்னைய மூன்று பேரையும் வெட்டி எறிந்துவிட்டு இப்போது இருப்பவரின் பகுதியை மட்டும் போட்டார். பழைய ஆக்கள்ற கதையை ஆர் வாசிக்கிறது, சனத்துக்கு இண்டைக்கு நடக்கிறதுதானே வேணும் என்றார். தலைப்பையும் அவரே வைத்தார். அதை இங்கே எழுத என் கை வரவில்லை.

ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் திகதி ஒன்றுகூடலில் மலர் கையில் வந்தபோதுதான் பார்த்தேன். நான்கு பேரையும் ஒரே தராசில் போட்டவன் என்று இருக்க வேண்டிய இடத்தில், ஒருவரை மட்டும் குறிவைத்து எழுதியவன் என்று என் தம்பி கோட் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். கொத்துரொட்டி வாசமும் பிள்ளைகளின் பாட்டும் நிறைந்த மண்டபத்தில் நின்று அந்த நான்கு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெரோனிக்கா வந்து, நல்லா எழுதியிருக்கிறார் அக்கா என்று கையைப் பிடித்தாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். நான் கழிவறைக்குள் போய் அழுதேன்.

மறுநாளே நிர்வாகக் கூட்டம் கேட்டேன். முந்நூறு பிரதியையும் திருப்பி எடுக்க வேண்டும் என்றேன். மலர் ஒன்றியத்தின் சொத்து, நிகழ்ச்சி நிரலில் இல்லாத விடயத்தை எடுக்க ஏலாது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். பொருளாளர் தவராசா அண்ணை, அந்தப் பெடியன்ற நிலைமையை யோசியுங்கோ என்றார். கூட்டத்தை அந்த இடத்திலேயே ஒத்திவைத்தார் உன் அத்தான். நான் எழும்பி, நீங்கள் வெட்டி எறிந்த பக்கங்களை ஒருக்கால் வாசித்திருந்தால் இப்ப வெட்கப்பட்டிருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாளாக யூலியா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பாட்டுத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

செப்டெம்பர் நான்காம் திகதி வீட்டுக்கு ஒரு போன் வந்தது. எடுத்தவர் அத்தான். பேசியது சோதிலிங்கம், மலருக்கு விளம்பரம் தந்த கடைக்காரர். இரண்டு நாள் முன்னர் பிராங்பேர்ட்டிலிருந்து கொழும்புக்குப் போனவர். மாமியார் வீட்டுக்குக் காட்டவென்று தன் கடை விளம்பரம் வந்த மலரில் ஐந்து பிரதி பெட்டியில் வைத்திருக்கிறார். அங்கே இறங்கியதும் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொருவரைக் கூப்பிட்டாராம். அவர் நின்ற நிலையிலேயே நான்கு பக்கத்தையும் வாசித்தாராம். ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த ஆள் இப்ப எங்க என்று கேட்டாராம். எனக்குத் தெரியாது என்று சோதிலிங்கம் சொல்லியிருக்கிறார். தெரியாவிட்டால்தான் என்ன? கட்டத்துக்குள் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேனே. அதே பெயரும் அப்பா பெயரும் ஊரும் கொழும்பில் தங்க நீ கொடுத்த பொலிஸ் பதிவிலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் போதும்.

போனை வைத்த பிறகு உன் அத்தான் அரை மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பவில்லை. பிறகு கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போனார். வேலைக்கும் போகாமல் மூன்று நாளாக வீடு வீடாகப் போய் மலரைத் திருப்பி வாங்கினார். ஏன் என்று கேட்டவர்களிடம், நான் பிழை விட்டிட்டன் என்று வாய் திறந்து சொன்னாராம். இருநூற்று அறுபத்திரண்டு வந்து சேர்ந்தது. அந்த மனிதர் பிழை ஒத்துக்கொண்டதை இருபது வருடத்தில் நான் முதன்முதலாகக் கேட்கிறேன். எனக்குச் சந்தோசம் வரவில்லை. போனது போனதுதானே.

நீ இப்போது என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். முழுக் கட்டுரையையும் கொண்டுபோய்க் காட்டி, நான் எல்லாரையும் சமமாகத்தான் கேட்டிருக்கிறேன் என்று விளக்கலாம் என்று நினைக்கிறாய். சின்ன வயதில் மாங்காய் திருடாததற்கும் சாட்சியோடு போய் நின்றவன் நீ. தம்பி, உன் நேர்மை தெரிய வேண்டுமென்றால் இருபத்தொரு பக்கமும் வாசிக்க வேண்டும். வெள்ளை வானில் ஆளைத் தூக்க வருகிறவர்கள் வாசிக்க வருவதில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தொண்ணூற்றொரு வயதுப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். ஜெர்மனியில் அந்தக் காலத்து ஜனாதிபதிகளின் அவசரச் சட்டங்களைப் பற்றி விசாரித்துச் சொல் என்று நீ கேட்டபோது அவரிடம்தான் கேட்டேன். அவருடைய தகப்பன் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராம். ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுக் கையெழுத்துப் போட்டுச் சட்டம் வந்த வருடங்களில், நான் ஒரு கட்சியையும் சேராதவன், என்னை என்ன செய்யப் போகிறார்கள் என்று இங்கேயே இருந்தாராம். முப்பத்து மூன்றில் அதே கதிரையில் அதே கிழ ஜனாதிபதி போட்ட இன்னொரு கையெழுத்துக்குப் பிறகு ஒரு காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். உன் கட்டுரைக்கு உதவும் என்று அப்போது குறித்து வைத்தேன். இப்போது உனக்காகச் சொல்கிறேன்.

பயந்து ஓடுவதா என்று கேட்காதே. மடு மாதாவின் சுரூபத்தையே இந்த ஏப்ரலில் சண்டை காரணமாகக் கோயிலை விட்டுத் தூக்கிக்கொண்டு போக வேண்டி வந்தது. அவள் போகலாம் என்றால் நீயும் போகலாம்.

கட்டுரை பத்திரம். யூலியா இரண்டு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறாள். ஒரு வரியும் வெட்டாமல் என்ன பெயரில், எங்கே போடுவதென்று நீயே சொல். நீ சொல்லும் வரை ஒருவருக்கும் காட்டமாட்டேன். இந்த வார்த்தையை முன்னரும் உனக்குத் தந்து மீறியவள்தான் நான். இனி மீறமாட்டேன். வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையே அறையை விட்டுவிடு. யோகம் அக்கா வந்திருக்கும் வீட்டில் ஒரு இரவு தங்கலாம், சொல்லி வைத்திருக்கிறேன். கையில் சின்னப் பை போதும். புத்தகங்களை விடு. அறைக்காரரிடம் அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல். விமான நிலையத்தில் உன் பெயரை இன்னும் பட்டியலில் ஏற்றியிருக்க மாட்டார்கள் என்று தவராசா அண்ணை சொல்கிறார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு வரை நாங்கள் மூன்று பேரும் செபமாலை சொல்கிறோம். அத்தானும் முழங்காலில் நிற்கிறார்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். என்னை மன்னித்துவிட்டாய் என்று மட்டும் யோகம் அக்காவிடம் சொல்லி அனுப்பிவிடாதே. எனக்கு அது வேண்டாம். திருச்சியில் இறங்கி, அம்மாவின் வீட்டு வாசலிலிருந்து போன் எடுத்து, வாயில் வந்ததெல்லாம் சொல்லி என்னைத் திட்டு. முழுக்க நின்று கேட்கிறேன்.

என்றும் உன் அக்கா,
கொறற்றி