அப்பாவின் தலைக்கு மேல் உன் வளையம்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பா தலையோடு நலம், அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று படித்தால் தெரியும். உன் இருமல் விட்டதா?

காரில் ஓட்டுபவர் தலைக்கு மேல் மாட்ட நீ உன் பட்டறையில் செய்து அனுப்பிய இரும்பு வளையம் போன மாதமே வந்துவிட்டது. எது பறந்து வந்தாலும் ஓட்டுபவர் தலையைக் காக்கும் என்று நீ எழுதியிருந்ததை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செருப்பு வார் மாதிரி இருக்கு, முப்பது வருஷமா திறந்த காரில் ரேஸ் ஓட்டுறவன் தலைக்கு மேல செருப்பை மாட்டிக்கிட்டுப் போகணுமா என்று குதித்தார். போட்டோவில் மீசை மறையுமாம். நானும் விடவில்லை. வீட்டு ஆள் கழுத்துக்குட்டை கட்டிவிடாமல் யாரும் காரை எடுக்கக் கூடாது என்று அவர்கள் ரேஸ் கிளப்பில் ஒரு வழக்கம் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டேன். காரில் வளையம் ஏறினால்தான் குட்டை என்று சொல்லி, குட்டையை மாவு டின்னுக்குள் ஒளித்துவிட்டேன். பஞ்சாயத்து கிளப்புக்குப் போனது. கிளப் தலைவரான பல் டாக்டர் கூட்டம் போட்டார். தலை உடையுமா என்று பத்து நிமிஷம் பேசினார்கள், வளையம் என்ன நிறம் என்று மூன்று மணி நேரம். தலை போனா ஒருத்தருக்குத்தான் நஷ்டம், அழகு போனா கிளப்புக்கே நஷ்டம் என்றார் டாக்டர், எல்லோரும் கைதட்டினார்கள், அப்பாதான் பலமாகத் தட்டினார். கடைசியில் ரேஸ் தொப்பி தைக்கும் தையல்காரர்தான் வழி சொன்னார். தொப்பிக்குப் போடும் அதே பழுப்புத் தோலை வளையத்தில் சுற்றித் தைத்து, டீத்தூளைத் தேய்த்துப் பழசாக்கினால் ஆதியிலிருந்தே இருந்த மாதிரி தெரியும் என்றார். அப்படியே செய்தார்கள். டாக்டர் தடவிப் பார்த்து, இது நம்ம தாத்தா காலத்து வேலைப்பாடு என்று கண் கலங்கினார், டீ வாசம் அவருக்கு மட்டும் வரவில்லை. நானும் குட்டையைக் கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது திருப்பத்தில் டாக்டர் காரின் சக்கரம் கழன்று, எம்பி, நேரே அப்பா முகத்துக்கு வந்தது. அந்த இடத்தில் நான் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன், அன்றைக்கு உன் வளையத்தை நம்பித் திறந்து வைத்திருந்தேன், அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். சக்கரம் வளையத்தில் மோதித் தெறித்து வேலிக்கு அப்பால் விழுந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் உன் அப்பா, தோல் கிழிஞ்சிடுச்சா என்று கேட்கிறார். மறுநாளே அவசரக் கூட்டம். சக்கரம் ஏன் கழன்றது என்று ஒரு வார்த்தை இல்லை. இனி வளையம் இல்லாமல் ஓட்டுவது பாரம்பரியத்துக்கு விரோதம் என்று தீர்மானம். அது காரில் ஏறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. டாக்டர் தனக்கும் ஒன்று கேட்கிறார், டீத்தூள் போட்டதாகவே கிடைக்குமா என்று.

அடிபட்டதை மறுபடி மாட்டக் கூடாது என்று நீ எழுதியிருந்தபடி மெக்கானிக் அதைக் கழற்றினார். பழைய இரும்போடு போடட்டுமா என்றதுதான் தாமதம், அப்பா பிடுங்கிக்கொண்டு, அது என் மண்டைய்யா என்றார். காரில் நகக்கீறல் விழுந்தாலே சோறு இறங்காத மனுஷன், அந்தப் பள்ளத்தைத் தட்டி எடுக்கக்கூட விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் உன் நாற்காலியில் அதை உட்கார வைத்திருக்கிறார். உன்னிடம் போனில் சொல்ல வெட்கப்படுகிறார், அதனால்தான் நான் எழுதுகிறேன்.

மறக்காமல் இரண்டு வளையம் அனுப்பு, அப்பாவுக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று. நல்லபடியாக, நூறு வயசுக்குத் தலை முழுசாக இரு. நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன், சைக்கிளில் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டிருக்கிறாய், முடி கலைந்துவிடும் என்றுதானே? போட்டுக்கொள்ளடி.

உன் அப்பாவையும் உன்னையும் கட்டி மேய்க்கும்
அம்மா