கேப்டனைத் தரையிறக்கிய கார்டுகள்

கேப்டன் அவர்களுக்கு,

காலையிலிருந்து கறுப்புத் துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன். சட்டைப் பையில் குத்திக்கொள்ள, இரண்டு விரல் அகலத்தில் சின்னச் சின்னப் பட்டைகள். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, கத்தரி பிடிக்கத் தெரிந்த எவனும் வெட்டுவான். ஆனால் என் கை இன்று நேராகப் போக மறுக்கிறது. நாலு வெட்டினால் ஒன்று கோணல். புதுத் துணியின் கஞ்சி வாசனை வேறு மூக்கில் ஏறிக்கொண்டு உட்கார விடாமல் படுத்துகிறது. மூன்று முறை எழுந்துபோய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன். தெருவில் ஒன்றுமில்லை.

நீங்கள் போய்விட்டது எனக்கு முந்தாநாள்தான் தெரியும். கோயமுத்தூரிலிருந்து நூல்கண்டு போட வரும் ஏஜண்டு, பில் எழுதிக்கொண்டே, "உங்க ரேடியோ கேப்டன் தவறிட்டாருங்களே, தெரியாதுங்களா? நெஞ்சுவலியாமா. போன வாரமே எடுத்துட்டாங்க" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் நாங்கள் சிரித்துக்கொண்டும் தின்றுகொண்டும் இருந்திருக்கிறோம்.

நம் நேயர் மன்றத் தலைவர் பழனிசாமியை உங்களுக்கு நினைவிருக்கும். பிண்ணாக்குக் கடைக்காரர், மைக்கைக் கண்டால் விடமாட்டார். சேதி கேட்டு அழுதார். அழுத கையோடு போய் நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். இன்று பிற்பகல் நாலு மணிக்கு ஊர் நூலகமான வாயனசாலையில் அனுசோசன யோகம். இரங்கல் கூட்டத்துக்குக் கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் அப்படித்தான் பெயர், தமிழில் அச்சடித்தாலும் அதுதான். பேசுகிறவர்கள் பட்டியலில் நாச்சிமுத்தண்ணனுக்கு அடுத்து என் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'விண்வெளியில் தவித்த கேப்டனை மண்ணுக்கு மீட்டு வந்த மன்றம்.'

என்னைப் பிய்த்துத் தின்பது அந்த ஒரு வரிதான். அது பொய் இல்லை. ஆனால் அந்த உண்மையின் மறுபாதி இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். இன்று அதைச் சொல்லிவிடலாமா, நீங்கள் கேட்டுக்கொண்டபடி விழுங்கிவிடலாமா என்று தெரியாமல்தான் துணியைக் கோணலாக வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேலந்தாவளத்தை நீங்கள் ஒருநாள்தான் பார்த்தீர்கள், அதுவும் சந்தை கூடாத நாளில். மாட்டுச் சந்தை நாளில் பார்த்திருக்க வேண்டும். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் நாடகத் தொடர் வரும். என் கடை ரேடியோவை வாசலில் ஸ்டூல் போட்டு வைத்துவிடுவேன். துண்டுக்கடியில் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருக்கும் தரகர்கள், ராக்கெட் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்துவார்கள். ஆனால் கையை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் பேரம் முறிந்ததாக ஆகிவிடுமே. ஒருவர் விரலை ஒருவர் பிடித்தபடியே, மாட்டையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இருபது நிமிஷம் உங்களோடு விண்வெளியில் இருப்பார்கள்.

கதை இன்றும் எனக்கு வரி வரியாகத் தெரியும். இயந்திரம் நின்றுபோன கப்பலில் நீங்கள் தனியாக, பெயரில்லாத ஒரு கிரகத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு வாரமும் முடியும்போது, "பூமி, கேட்கிறதா? இங்கே நான் ஒருவன் இருக்கிறேன்" என்பீர்கள். கணீரென்ற குரல். வீட்டில் கூப்பிட்டதைக் காதில் வாங்காத புருஷன்மார்களைப் பெண்கள், "பூமி, கேக்குதுங்களா?" என்று கிண்டல் பண்ணும் அளவுக்கு அது ஊர்ப்பேச்சாகிவிட்டது.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். நாற்பது வாரம் ஒரு மனிதன் அந்தரத்தில் சுற்றினால் யாருக்குப் பொறுக்கும்? மற்ற ஊர்க்காரர்களுக்குப் பொறுத்திருக்கலாம். இங்கே வீட்டுக்கு ஒருவர் எங்காவது போய்விட்டிருந்தார். மில்லுக்கு, பம்பாய்க்கு, கப்பலேறித் துபாய்க்கு. கேப்டனைத் தரை இறக்கச் சொல்லி ரேடியோ நிலையத்துக்குக் கார்டு போடுவது என்று மன்றத்தில் தீர்மானம் போட்டோம். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பது மலையாளம், பெரியவர்கள் பாதிப்பேருக்குக் கைநாட்டு. தமிழில் நாலு வரி ஒழுங்காக எழுத நான்தான் இருந்தேன். ஒவ்வொருவராக வந்து தையல் மெஷின் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நூற்றுக்கு மேல் எழுதினேன். எல்லாம் ஒரே கையெழுத்தாகத் தெரியக் கூடாது என்று சிலவற்றை இடது கையால் வேறு எழுதினேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம், பாருங்கள்!

நாச்சிமுத்தண்ணன் கடைசியாக வந்தார். அறுபது வயது மாட்டுத் தரகர். அவருடைய ஒரே மகன், ஒரு ஜோடிக் காளையை விற்ற தகராறில் வீட்டை விட்டுப் பம்பாய்க்குப் போனவன். அப்போதே ஆறு வருஷம் ஆகியிருந்தது, ஒரு கடுதாசி இல்லை. அவர் என் மூஞ்சியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தப் பையன் பண்ணுன தப்பு என்னமோ இருந்துட்டுப் போகுதுங்க. எத்தன நாளைக்கு அந்தரத்துல சுத்துவான்? ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துருங்க. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டமுங்க."

கேப்டன் ஒரு தப்பும் பண்ணவில்லையே என்று நான் அவரைத் திருத்தவில்லை. சொன்னபடியே எழுதினேன். நிலையத்தில் அந்தக் கார்டைத்தான் படித்தார்கள். நேயர் கடிதம் வாசிக்கும் நேரத்தில், "வேலந்தாவளம் நாச்சிமுத்து எழுதுகிறார்" என்று ரேடியோ சொன்னபோது சந்தையில் மாடுகூடக் கத்தவில்லை. அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சளிங்க" என்றார்.

அடுத்த மாதமே நீங்கள் தரை இறங்கினீர்கள். அன்று பட்டாசு வெடித்தோம். பழனிசாமி ஒரு மூட்டை அச்சு வெல்லத்தை உடைத்து வந்தவருக்கெல்லாம் கொடுத்தார். ரேடியோவுக்கு மாலை போட்டதில் ஒரு திருகு உடைந்துபோனது.

அதற்கு அடுத்த மாதம் உங்களுக்குப் பாராட்டு விழா. கேப்டனுக்கு உடுப்பு வேண்டாமா? வெள்ளிநிறச் சாட்டின் துணியில் கோட்டு தைத்தேன். உங்கள் படத்தைக்கூட எங்களில் யாரும் பார்த்ததில்லை. அளவு எங்கிருந்து வந்தது என்றால், காதிலிருந்துதான். இப்படி ஒரு குரலுக்கு ஆறடி ஆள்தான் இருக்க முடியும், மார்பு நாற்பத்திரண்டு என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து ஒரு ரெக்சின் பையோடு நீங்கள் இறங்கியபோது, உங்களைத் தாண்டிப் போய்ப் பின்னால் இறங்கிய போலீஸ்காரரைப் பார்த்துக் கும்பிட்டார் பழனிசாமி. நீங்கள் ஐந்தடி இரண்டு அங்குலம். ஒல்லி. முன்பல் ஒன்று எடுப்பு.

கோட்டைப் போட்டுப் பார்த்தீர்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கியது, கை விரல் ஒன்றும் வெளியே தெரியவில்லை.

"ஏனுங்க மாஸ்டர், ஆறடி ஆளுன்னு யாருங்க சொன்னது?"

"உங்க கொரலுதானுங்க."

விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கோட்டைப் பிடித்துச் சின்னதாக்க உட்கார்ந்தேன். நீங்கள் பெஞ்சில் பனியனோடு இருந்தீர்கள். சும்மா பேச்சுக்கு, அடுத்த தொடர் எப்போது என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அடுத்ததுங்களா? எழுதுனவரு இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கதை வச்சிருந்தாருங்க. உங்க கார்டெல்லாம் மூட்டையா வந்துதுங்களா, சனம் இத்தன ஆசப்படுது, எறக்கிருங்கன்னு மேல சொல்லிட்டாங்க. கப்பல் எறங்குச்சு, நானும் எறங்கிட்டேன். வாராவாரம் கூப்புட்டாத்தான் எனக்கு வேலைங்க. இப்பக் கூப்புடறதில்ல."

தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன். மதராஸில் டெலிவிஷன் என்று ஒன்று வந்திருக்கிறது, படத்தோடு தெரியுமாம், அதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய் நின்றதையும் சொன்னீர்கள். குரலைக் கேட்டு ஆசையாக உள்ளே கூப்பிட்டவர்கள், முகத்தைப் பார்த்ததும் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போய் எல்லோரிடமும் சொல்கிறேன், வேறு கார்டு எழுதுகிறோம், மறுபடி உங்களை மேலே அனுப்பச் சொல்கிறோம் என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள்.

"வேண்டாமுங்க மாஸ்டர். அவுங்க எனக்கு நல்லது பண்ணிட்டம்னு நெனச்சுட்டு இருக்கறாங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். சொல்லிப்போடாதீங்க."

மேடையில் நாச்சிமுத்தண்ணன் உங்கள் கையைப் பிடித்தார். பழக்கதோஷம், துண்டை எடுத்து இரண்டு கையையும் மூடிக்கொண்டார். பேசுவதற்கு விலை ஒன்றுமில்லை, விரலை மட்டும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். "சௌக்கியமுங்க ஐயா" என்றீர்கள். நான் கீழே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாலு வருஷமாகக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் சந்தோஷத்தைக் கொடுத்துவிட்டு, உண்மையை ஒரு தையல்காரன் தலையில் கட்டிவிட்டுப் பஸ் ஏறிவிட்டீர்கள். நீங்கள் இருக்கும்வரை உங்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டேன். இப்போது யாருக்காக மறைக்க வேண்டும்? 'மீட்டு வந்த மன்றம்' என்று மைக்கில் கத்தும்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க நான் என்ன கல்லா? எழுந்து சொல்லிவிடப் போகிறேன். ஒரு தாளில் குறித்தும் வைத்துவிட்டேன். பட்டைகளை எடுத்துப்போக ஆள் வந்துவிட்டது. மீதியை வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். வெளிச்சம் இன்னும் இருக்கிறது, ஊசியில் நூல் கோக்கலாம். கோக்கவில்லை.

வாயனசாலையில் பெஞ்சு போதாமல் ஆட்கள் ஜன்னலில் நின்றார்கள். உங்கள் போட்டோ கிடைக்காமல், அந்த வெள்ளிக் கோட்டை நாற்காலியில் மாட்டி அதற்கு மாலை போட்டிருந்தார்கள். விழா முடிந்ததும் அதை மன்றத்துக்கே விட்டுப்போயிருந்தீர்கள் அல்லவா? பழனிசாமி அரைமணி நேரம் பேசினார். அந்த வரியை நாலு முறை சொன்னார். நான் சட்டைப் பையில் இருந்த தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு நாச்சிமுத்தண்ணன் எழுந்தார். மைக்கை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. நாம் பெத்த பையன் போயிப் பத்து வருசமாச்சு. நானும் மனசுக்குள்ள கூப்புட்டுட்டேதான் இருக்கறன். அவன் வல்லீங்க. நாங் கூப்புட்டு வந்தது இந்த ஒருத்தருதானுங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது நான். என் பெயரைச் சொல்லிப் பழனிசாமி இரண்டு முறை கூப்பிட்டார். எழுந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அந்தக் கிழவர் மட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணஞ் சொன்னதுக்கு மேல எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நீங்கள் ஏன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள் என்று எனக்கு இன்றுதான் உறைத்தது. அந்த மறுபாதி இனி என்னோடு இருந்துகொள்ளட்டும், யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னுடையது ஒன்று இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. போன வருஷம் லைனிங் துணி எடுக்கக் கோயமுத்தூர் வந்திருந்தேன். கடைவீதியில் நடந்துகொண்டிருந்தபோது உங்கள் குரல் கேட்டது. திரும்பினேன். ஒரு பல்பொடிக் கம்பெனி வேன், மேலே இரண்டு ஒலிபெருக்கி. உள்ளே நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அதே கணீர்க் குரலில், ஈறு பலப்படும், வாய் நாற்றம் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நெரிசலில் வேன் நின்றுவிட்டது. எனக்கும் உங்களுக்கும் பத்தடி தூரம். நீங்கள் வெளியே பார்க்கவில்லை, கையில் இருந்த தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்தால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, பக்கத்துச் சந்தில் புகுந்து, வேன் நகரும்வரை ஒரு பாத்திரக் கடையில் வேண்டாத டம்ளருக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றேன்.

கூச்சம் எனக்குத்தான். வீட்டுக்கு வாருங்கள் என்று நூறு கார்டு எழுதினவன் நான். பத்தடி தூரத்தில் நீங்கள் இருந்தபோது, வாயைத் திறந்து ஒரு தரம் கூப்பிடவில்லை.