குறைத்துச் சொன்ன மாதம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. உடுப்பு எதுவும் காயவில்லை. விஞ்ஞான விடைத்தாள் பாதி திருத்தியாயிற்று. தங்கை சுதாவின் கால் வீக்கம் கூடியிருக்கிறது, செருப்பு நுழையவில்லை.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் வந்தாள். "என்னகா சுதா, எத்தின மாசம்?"

அம்மா முந்திக்கொண்டாள். "ஏழு."

"அதுக்கு வயிறு அளவாத்தான் இரிக்கு."

ஏழு இல்லை, எட்டு. சித்திரை வருடப் பிறப்பன்று பலகார எண்ணெய் மணம் பொறுக்காமல் கிணற்றடியில் சத்தி எடுத்தவள் சுதா.

புஷ்பத்துக்குச் சொன்னது போகட்டும். சோறு போடும்போது கேட்டேன்: வீட்டுக்கு வந்து கர்ப்பத்தைப் பதிந்த குடும்பநல மருத்துவிச்சி மிஸ்ஸிக்கும் அப்படித்தானா?

"ஓம். ரெண்டு தரம் ஊரெல்லாம் சொல்லிப்போட்டுப் பறிகுடுத்தனாங்க. கண்ணூறுக்கு மிஸ்ஸி, மற்றாக்கள் எண்டு இரிக்கா?"

ஐந்து மாதம் கழிந்த பிறகுதான் பதியவே விட்டாள். முதல் ஸ்கானும் அதற்குப் பிறகு. அந்த நேரத்தில் எடுத்த ஸ்கான் மாதத்தைச் சரியாகக் காட்டாது.

ஒக்டோபர் 16, வியாழன்

கிளினிக்குக்கு நானும் போனேன். மிஸ்ஸி நாடாவால் வயிற்றை அளந்தாள். "ஏழு மாசத்துக்குச் சரியாத்தான் இரிக்கு டீச்சர். பிரஷர்தான் ஏறியிருக்கு. தலையிடிச்சா உடனே வரோணும்."

சுதா என் விரலை இறுக்கினாள். வெளியே வந்து, "சொல்லாத அக்கா. அம்மாக்குப் பயம். எனக்கும் பயம்."

வகுப்பில் படிப்பிப்பதை எனக்கே எழுதிக்கொள்கிறேன். மாதத்துக்கேற்ற எடையில்லாமல் பிள்ளை பிறக்கக் காரணங்கள்: தாயின் உயர் இரத்த அழுத்தம். இரத்தச்சோகை. சாப்பாடு போதாமை. சிகரெட் புகை, புகையிலை போட்ட வெற்றிலை. தொற்று. இரட்டைப் பிள்ளை. பிள்ளையிலேயே ஏதும் குறை. பல நேரம் நச்சுக்கொடி சரியாக வேலை செய்யாமை. ஏன் என்று தெரியாமலே போவதும் உண்டு.

பெற்றவர்கள் சின்ன உடம்பென்றால் பிள்ளையும் சின்னதாக, சுகமாக இருக்கலாம். சுதா என்னைவிட உயரம்.

அம்மாவின் பொய்யால் பிள்ளை மெலியாது. ஆனால் மெலிந்திருந்தால், ஏழு என்ற கணக்கில் அது ஒருவருக்கும் தெரியாது.

ஒக்டோபர் 17, வெள்ளி

சொல்லிவிட்டேன். பாடசாலை இடைவேளையில், தொலைபேசியில். மிஸ்ஸி கிழமைகளைத் திரும்ப எண்ணினாள். "அப்ப அது சரியான வளர்த்தி இல்ல டீச்சர். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்க."

சுதாவின் கணவர் ரவி வயல் வட்டையில் நெல் விதைப்பதை விட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு ஓட்டோவில் ஏறினார். பட்டிருப்புப் பாலத்தில் வாவிக் காற்று, சாரல்.

ஸ்கான். பிள்ளை ஒரு மாத வளர்ச்சி பின்தங்கியிருக்கிறது. கொடியில் இரத்த ஓட்டம் குறைவு.

ரவி: "சாப்பாட்டில நான் ஒரு குறையும் வைக்கல்லயே சேர்."

டொக்டர்: "சாப்பாடு இல்ல, பிரஷர். நச்சுக்கொடிக்குப் போற இரத்தம் காணாது. மாசத்தைச் சொல்லியிராட்டி இன்னும் பாத்துக்கொண்டு இருந்திருப்பம்."

சுதாவை வார்ட்டில் நிறுத்திவிட்டார்கள்.

இரவு அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஊர் வாய் காணாதெண்டு வீட்டு வாயும்." பிறகு என்னோடு பேச்சில்லை.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அடுப்பில் தேநீர் மட்டும். சுதாவுக்குத் தலையிடி, கண் மங்கல். நாளை சிசேரியன். கையொப்பம் வைத்துவிட்டு ரவி கேட்டார்: "கண்ணூறில ஒண்டும் இல்லத்தானே அக்கா?"

இல்லை என்றேன். சொன்ன அளவுக்கு எனக்கு உறுதி இல்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

பெண். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அழுதது, சின்னச் சத்தம். தோல் தளர்ந்து, தலை மட்டும் பெரிதாய். சூட்டுப் பெட்டிக்குள். சுதாவின் பிரஷர் மெல்ல இறங்குகிறது. பிள்ளையைப் பற்றி டொக்டர் ஒன்றும் உறுதி சொல்லவில்லை. "ரெண்டு மூண்டு நாள் போகட்டும்."

அம்மா வாசலோடு நின்றுவிட்டாள். தாதி கூப்பிட்டாள்: "அம்மம்மா, கண்ணாடிக்குள்ளால ஒருக்கா எட்டிப் பாருங்க." அசையவில்லை. வெள்ளிக்குப் பிறகு அப்போதுதான் என்னிடம் வாய் திறந்தாள்.

"நீ போய்ப் பாரு."

"நீங்களும் வாங்கம்மா."

"வேணாம் புள்ள. என்ட கண்ணும் கண்தானே." சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "மூச்சு எடுக்குதா எண்டு மட்டும் பாத்திட்டு வந்து சொல்லு."

எடுக்கிறது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிய. வந்து சொன்னேன்.

"மறுகா ஒருக்காப் பாத்திட்டு வா."

போனேன்.