பாறையில் பதிந்த மூன்று நாள்

பொதட்டூர்பேட்டை
19.1.2025

அன்புத் தங்கச்சி நர்மதாவுக்கு,

அண்ணன் அன்புசெல்வன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சொன்னபடி நம் நிலத்துப் பாறையில் புதைத்த பெட்டியிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி, புதுசைப் போட்டுவிட்டேன். பழையது இந்தக் கவரில். பொங்கலுக்குப் பரத் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ரெண்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்தான். அத்தை வரவில்லையா என்று கேட்டான். நீ எந்த வருஷம் வந்தாய், இந்த வருஷம் வர!

ஒரு விஷயம் கேட்க வேண்டும். போனில் கேட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். டீக்கடையில் பக்கத்து நிலத்துச் சடையப்பன் எல்லார் முன்னாலும் கேட்டான்: "இன்னா செல்வம், உன் தங்கச்சி பாறைக்குள்ள இன்னா வெச்சினு கீறா? கம்பெனிக்கு அளவு எடுக்குறாளாமே!" "அது பூகம்பம் பதியிற பெட்டிடா, அவ மலை எப்டி வளருதுன்னு பாக்குறவ" என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. உன் அண்ணி ஊரில் என்ன நடந்தது? ரோடு போட அளக்கிறோம் என்றுதான் வந்தார்கள். இன்றைக்கு அவள் அண்ணன் தன் நிலத்துமேல் கட்டின கம்பெனிக்கே வாட்ச்மேன். அப்படி ஏதாவது உண்டா? உண்டு, இல்லை, ஒரு வார்த்தை எழுது.

உன் அண்ணன்,
அன்புசெல்வன்


டேராடூன்
2.2.2025

அன்புள்ள அண்ணா,

இல்லை. இல்லவே இல்லை. நீ கேட்டதற்குக் கோபம் வந்தது, பிறகு அழுகையும் வந்தது. சரி, விடு.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். நாம் நிற்கிற நாடு மொத்தமும் ஒரு பெரிய பாறைத்தட்டு. அது வருஷத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து திபெத்துக்கு அடியில் நுழைகிறது. அந்த நெருக்கலில்தான் இமயம் எழுந்தது, இன்னும் எழுகிறது. இங்கே நான் பார்ப்பது நொறுங்கிய முனையை. நொறுங்காத பழைய பாறை எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் என் கணக்கு நிற்கும். அதற்குத்தான் நம் நிலம். ஏழாம் தேதி திபெத்தில் நிலம் நடுங்கியதே, அது நான்கே நிமிடத்தில் உன் பாறைக்கு வந்திருக்கிறது. அவ்வளவு சுத்தமான பதிவு! பதினெட்டு மாதம் விடாமல் கிடைத்தால் என் பத்து வருஷ வேலை ஒரு முடிவுக்கு வரும்.

அப்பா நமக்கு விட்டுப்போனது அந்த மூன்று ஏக்கர்தான், அதுவும் இரண்டு பேர் பேரிலும். அதை விற்க நான் ஆளனுப்புவேனா?

அன்புடன்,
நர்மதா


பொதட்டூர்பேட்டை
20.3.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இல்லை என்று எழுதிவிட்டாய், போதும். இனி எவன் கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கம்பெனி வருவது என்னவோ நிஜம்தான். திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம், நிலம் தரமாட்டோம் என்று. நாற்பத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? உன் அண்ணனுடையது! கார்டு உள்ளே இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
அன்புசெல்வன்


டேராடூன்
5.4.2025

அண்ணா,

கார்டைப் பார்த்தேன். மார்ச் நான்கு, ஐந்து, ஆறு, மூன்று நாளும் காலை பத்திலிருந்து நாலு மணி வரைக்கும் பக்கத்திலேயே தரையை எதுவோ அடித்திருக்கிறது. டிராக்டர் இல்லை, மோட்டார் இல்லை. ஒரே கனத்தில் அடி விழும், கொஞ்சம் இறங்கியதும் நிற்கும், மறுபடி விழும். இரும்புக் குண்டைத் தூக்கிப் போட்டு, குழாயை இறக்கி, எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்கியது என்று எண்ணுகிற வேலை அது. பெரிய கட்டடம் கட்டுமுன் மண்ணைப் பரிசோதிப்பவர்கள்தான் அதைச் செய்வார்கள்.

மனு கொடுத்ததை எழுதினாய். இதை ஏன் எழுதவில்லை? யார் வந்தார்கள்?

நர்மதா


பொதட்டூர்பேட்டை
14.4.2025

அன்புத் தங்கச்சிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நம் நிலத்துக்கு யாரும் வரவில்லை. அந்த மூன்று நாளும் நானும் உன் அண்ணியும் ஊரிலேயே இல்லை. பரத்துக்குப் பெண் பார்க்கக் கும்மிடிப்பூண்டி போயிருந்தோம். பெண் பெயர் அருணா. முடிவான பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். திரும்பி வந்து நிலத்தைப் பார்த்தேன், ஒரு குழிகூட இல்லை.

உன் அண்ணன்,
அன்புசெல்வன்


டேராடூன்
28.4.2025

அண்ணா,

சரியாக அந்த மூன்று நாளும் நீ ஊரில் இல்லையா? பெண் பார்க்க மூன்று நாளா? சொந்த மருமகனுக்குப் பெண் பார்த்தது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. இன்னும் எதையெல்லாம் முடிவான பிறகு சொல்வதாக இருக்கிறாய்?

மனிதர்கள் மறைக்கலாம், பெட்டி மறைக்காது. ஒரு பக்கம் மனுவில் முதல் கையெழுத்து, இன்னொரு பக்கம் மண் பரிசோதனை. விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறாயோ என்று தோன்றுகிறது. இப்படி எழுத எனக்கே கூசுகிறது. ஆனாலும் என் சம்மதம் இல்லாமல் நம் சர்வே நம்பரில் எந்தப் பத்திரமும் பதியக்கூடாது என்று வக்கீலிடம் சொல்லி, சார்பதிவாளருக்குத் தடை மனு அனுப்பிவிட்டேன்.

நர்மதா


பொதட்டூர்பேட்டை
11.5.2025

நர்மதாவுக்கு,

உன் தடை மனு எனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பத்திரம் எழுதுகிறவர் டீக்கடையில் சொல்லிவிட்டார். கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். சடையப்பன்தான் பெரிய குரலில் கத்தினான்: "கூடப் பொறந்தவளே நம்பல, நாம இன்னாத்துக்கு இவன நம்பணும்? மொதல்ல அவன் பேர அடி!" எல்லார் கண்ணெதிரே மனுவின் நகலில் என் பேரைப் பேனாவால் அடித்தார்கள். உன் அண்ணி செல்வி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பெண் வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்கிறார்கள்.

நான் அதிகம் படிக்காதவன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடி விழுந்தது என்கிறாயே, எந்தப் பக்கமிருந்து விழுந்தது?

அன்புசெல்வன்


டேராடூன்
20.5.2025

என் அண்ணாவுக்கு,

தென்மேற்கு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். சடையப்பன் நிலம்.

உன் கடிதம் வந்த அன்றே பார்த்தேன். பத்து நிமிட வேலை. பெட்டியில் மேல்கீழ் அசைவும், வடக்குத் தெற்கும், கிழக்கு மேற்கும் தனித்தனியாகப் பதியும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். எங்கோ ஒரு மலை அசைந்தால் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பேன். என் மாணவர்கள் அதைப் பார்க்காமல் வந்தால் திருப்பி அனுப்புவேன். உன் விஷயத்தில் நான் பார்க்கவில்லை அண்ணா. நீதான் என்று முன்னமே முடிவு கட்டிவிட்டேன். பாவி நான்.

தடை மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை நானே வருகிறேன். ஊர் முன்னால், கலெக்டர் முன்னால், எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை எல்லாருக்கும் காட்டு. என்னைத் திட்டியாவது எழுது.

உன் நர்மதா


பொதட்டூர்பேட்டை
1.6.2025

நர்மதாவுக்கு,

கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமும் வரவில்லை. இருபத்தேழாம் தேதி மண்ணைப் பரிசோதிக்கிற லாரி மறுபடி வந்து சடையப்பன் நிலத்தில் இறங்கியது. மார்ச்சில் போர் போடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறான், இந்தத் தடவை கம்பெனி ஆட்களும் கூட வந்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். சாயங்காலம் நாலு பேர் வந்து, "தப்பா நெனச்சிக்காத நைனா, வந்து கையெழுத்துப் போடு" என்றார்கள். போட்டேன். முதலில் போடச் சொன்னார்கள், நான் கடைசியில் போட்டேன்.

நீ திங்கட்கிழமை வர வேண்டாம். நீ வந்து நல்லவன் என்று சொல்லித்தான் நான் ஊரில் நிற்க வேண்டுமென்றால், நிற்காமலே இருந்துவிடுகிறேன். உன்னை நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். இல்லை என்றாய், அத்தோடு விட்டேன். நானும் இல்லை என்றுதான் எழுதினேன்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதக் கொடுத்திருக்கிறேன். உன் பங்கில் என்ன நடக்கிறது என்று இனி யாரையும் நீ கேட்க வேண்டியிருக்காது. பாறை இருக்கிற பாதி உன் பேருக்கு வரும்படி நானே சொல்லிவிட்டேன், உன் பதினெட்டு மாதம் தடைப்படக் கூடாது. கார்டு தவறாமல் வரும். அதோடு கடிதம் வராது.

சர்வேயர் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை வருகிறார். கையெழுத்துக்கு மட்டும் ஒரு நாள் வந்தால் போதும். செல்வி கோபத்தில் இருக்கிறாள், அதனால் தங்குவதற்குத் திருத்தணியில் ஒரு ரூம் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கோ. அன்புசெல்வன்