அண்ணன் இருக்கும் வகுப்பு

ஆகஸ்ட் 5, செவ்வாய்
பிற பண்பாட்டாரோடு பழகும் திறன் - இந்தப் பருவத்தின் கட்டாயப் பாடம். இதில் தேறினால்தான் பிப்ரவரியில் ஒரு வருடப் படிப்புக்குச் சிலிக்கு அனுப்புவார்கள். முதல் வகுப்பு. மாமா மகன் சதேக்கி உள்ளே வந்தான். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எங்கள் டோங்காக்காரர்களுக்கு மாமா மகனும் கூடப்பிறந்த அண்ணன்தான். வளர்ந்த பிறகு அண்ணனும் தங்கையும் ஓர் அறையில் உட்கார்ந்து படம்கூடப் பார்ப்பதில்லை. சிட்னியில் பிறந்தவள் நான். இருந்தும் கால் தானாக எழுந்துவிட்டது.

பாடம் நடத்தும் ஹெதர் 'வரவில்லை' என்று போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 12
உட்கார்ந்தேன். நான் கதவோரம், அவன் கடைசி வரிசை. பேசவில்லை. அவனும்தான்.

ஆகஸ்ட் 19
ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும். எனக்கு விழுந்தது: காதல், உடல், திருமணம். அண்ணன் காதுபட இதையா? ஹெதரிடம் வேறு வகுப்பு கேட்டேன். இல்லை. வேறு தலைப்பு? ஏன் என்றார். சொன்னேன்.

"அடடா, அருமை! இதையே வகுப்புல சொல்லுங்க ஃபூசி. ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து பேசினா இன்னும் நல்லாருக்கும்."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
தேவாலயம் முடிந்து அம்மா சேம்பிலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அவன் இருக்கிற எடத்துல அந்தப் பேச்செல்லாம் பேசுவியா? என் மானத்த வாங்கவா உன்னப் படிக்க வெச்சேன்?"

"அப்போ சிலி?"

"சாப்பிடு."

சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. கோபமாவது வந்திருக்கலாம்.

செப்டம்பர் 2
என் முறை. முன்னால் போய் நின்றேன். அவன் தரையைப் பார்த்தான். "பயப்படாதீங்க, இங்க யாரும் தப்பா நினைக்க மாட்டோம்," என்றார் ஹெதர். நின்றுகொண்டே இருந்தேன். பூஜ்யம். அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

செப்டம்பர் 9
சதேக்கி வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. எல்லாவற்றையும் பேசினேன். கைதட்டினார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு
சதேக்கி பாடத்தையே விட்டுவிட்டானாம். விலகும் கெடு தாண்டிவிட்டதால் அவன் பெயருக்கு நேரே தோல்வி. அவனும் சிலிக்குத்தான் காத்திருந்தானாம். எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் எங்கே பேசிக்கொள்கிறோம்? மாமாவிடம், "நான் இருந்தா ஃபூசி பேச மாட்டா. அவ போகட்டும்," என்றானாம்.

"நம்மள்ல தங்கச்சிதான் ஒசத்தி. அவன் செய்ய வேண்டியதச் செஞ்சான். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத," என்றாள் அம்மா.

நேரில் போய் நன்றி சொல்ல முடியாது. அழுகையும் வரலை. ஏன் வரலை எனக்கு?

நவம்பர் 18
மிகச் சிறப்பு. ஹெதரின் குறிப்பு: 'தன் தயக்கத்தைத் தானே வென்ற மாணவி.'

பிப்ரவரி 15, ஞாயிறு
விமானத்தில். வழியனுப்பச் சபையே வந்திருந்தது. ஜெபம், பாட்டு, அம்மாவின் அழுகை. சதேக்கி கிடங்கு வேலைச் சட்டையோடு தூணுக்கு அந்தப் பக்கம் நின்றான். மாமா ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். "அவன் குடுக்கச் சொன்னான். அவனுக்கு இனிமே வேண்டாமாம்."

பாதி நோட்டுக்கு ஸ்பானியச் சொற்கள். மீதியில் அவன் தங்கப் பார்த்து வைத்த அறைகள், ஒவ்வொன்றிலிருந்தும் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் பேருந்து என்று. ஒரு ஜன்னலோர அறையைச் சுற்றி மூன்று முறை வட்டம் போட்டிருக்கிறான்.

இப்போதுதான் அழுகை வந்தது. நிற்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, யாரை விட்டுட்டு வந்தீங்க என்று கேட்டாள். அண்ணனை என்றேன்.