ஒரகடத்தில் ஆறு நாள்: காப்பி, கோயில், நாலாம் நம்பர் பிரஸ்

ஜூலை 8, திங்கள்

காலை ஏழரைக்கே வெயில். கோவையிலிருந்து ராத்திரி பஸ், முதுகு போச்சு. ஒரகடம் ஜங்ஷன் மேம்பாலத்துக்கு அடியில் இறக்கிவிட்டான். லாட்ஜ், அறை 204. ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரி, மூடினால் பினாயில் வாடை. லாரியே தேவலை.

வந்த வேலை: நாங்கள் பிராக்கெட் வாங்கும் கம்பெனி, வல்லம் வடகாலில். இரண்டு வாரம் முன்பு தகடு அழுத்தும் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ஒருவனுக்கு இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பெயர் பிகாஷ், ஒடிசாக்காரன், வயது 23. இன்னும் ஆஸ்பத்திரியில். எப்படி நடந்தது என்று சரக்கு வாங்குகிறவர்கள் சார்பில் பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் ரிப்போர்ட் தர வேண்டியது நான்.

என் சொந்த வேலை:
– நல்ல காப்பி. எங்கே இருந்தாலும்.
– காஞ்சிபுரம் இட்லி, காஞ்சிபுரத்திலேயே.
– வல்லக்கோட்டை முருகன். ஏழடி உயரமாம்.
– ஸ்ரீபெரும்புதூர் கோயில்.
– மனைவி வனிதாவுக்குச் சேலை. கேட்கவில்லை. கேட்காதபோதுதான் வாங்க வேண்டும், பத்து வருஷ அனுபவம்.

லாட்ஜ் காப்பி, பட்டனை அமுக்கினால் வருவது. பத்துக்கு ஒன்றரை. ஜங்ஷன் ஓட்டலில் பொங்கல் பரவாயில்லை, காப்பி 3. மாலையில் ஒரு சுற்று நடந்தேன். இந்தியில் போர்டு, கொரிய எழுத்தில் போர்டு, முழத்துக்கு ஒரு பிரியாணிக் கடை. பார்க்க என்ன இருக்கிறது என்று லாட்ஜ்காரரைக் கேட்டேன். "பாக்கறதுக்கா சார்? கம்பெனிங்க தான் கீது" என்றார்.

ஜூலை 9, செவ்வாய்

வெயில். புழுக்கம். கம்பெனியில் காலை ஒன்பதிலிருந்து.

நாலாம் நம்பர் பிரஸ் பழைய மெஷின். இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் கை எப்படி உள்ளே போகும்? போக முடியாது. ஆனால் போயிருக்கிறது.

வலது பட்டன் தேய்ந்து பளபளப்பு. இடது பட்டனில் தேய்மானமே இல்லை, ஓரத்தில் மட்டும் கீறல். போட்டோ எடுத்தேன். மேனேஜர் பின்னாலேயே நின்றார். "பையன் அஜாக்கிரதை சார். ஹியூமன் எரர். வேற ஒண்ணும் இல்ல." நான் கேட்பதற்கு முன்பே மூன்று முறை சொன்னார்.

மதியம் விருந்தினர் அறையில் பனீர், புலாவ், பழ சாலட். காப்பி 2, பிஸ்கட் நன்று.

நாலரைக்கு வெளியே வந்தேன். கேட்டுக்கு எதிரே தார்ப்பாய் போட்ட ஒரு வண்டிக்கடை. எதிர்பார்ப்பே இல்லாமல் கேட்டேன். அந்த அம்மா பித்தளை ஃபில்டரிலிருந்து டிகாஷன் ஊற்றினாள். பித்தளை ஃபில்டர்! இந்தத் தூசியில்! பால் அப்போதுதான் பொங்கியது. ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். 8½.

"இன்னா சார், நல்லா இல்லியா?"

"இப்படி ஒரு காப்பி இங்க கெடைக்கும்னு நெனைக்கவே இல்லீங்க."

"டீ தான் ஓடுது. காப்பி கேக்கறவங்க ரெண்டு மூணு பேருதான். அவங்களுக்காவ போடறேன்."

பெயர் தனம். வனிதாவுக்குப் போன் செய்து சொன்னேன். "விரல் போன பையன் எப்படி இருக்கான்?" என்று அவள் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. ரிப்போர்ட்டுக்கு அது தேவையில்லை என்றேன்.

ஜூலை 10, புதன்

விடிகாலை மழை, எட்டு மணிக்குச் சுவடே இல்லை.

ஏ ஷிஃப்ட் ஆறிலிருந்து இரண்டு. இரண்டேகாலுக்குத் தனம் அக்கா கடைக்குப் போனேன், இரண்டாவது காப்பிக்காக (8, பால் சற்று அதிகம்). பெஞ்சில் நீல யூனிஃபார்மில் ஒரு பெண், அவளும் காப்பிதான். முப்பதுக்குள் இருக்கும். கழுத்தில் பச்சைக் கயிற்றில் அடையாள அட்டை. பச்சை என்றால் காண்ட்ராக்ட், சிவப்பு என்றால் நிரந்தரம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"நீங்க தானே சார் அந்த மெஷின போட்டோ புடிச்சது?"

பெயர் செல்வி. பிரஸ்ஸுக்கு நேர் எதிரே செக்கிங் டேபிளில் வேலை. பீஸ் வெளியே வந்தால் முதலில் பார்ப்பது அவள் டேபிள்தான். பிகாஷ் கத்தியபோதும் எதிரே அவள்தான்.

சொன்னது, நினைவிலிருந்து: "இடது பட்டன்ல பிளாஸ்டிக் துண்டு செருவி வெச்சிருவாங்க சார். அது அமுங்கிகினே இருக்கும். ஒரு கையில பட்டன், ஒரு கையில பீஸ் மாத்தறது. அப்பதான் டார்கெட் வரும். பிகாஷா வெச்சான்? சூப்பர்வைசர் தான் ஷிஃப்ட் ஆரம்பிக்க சொல்லோ வெச்சிட்டு போவாரு. ஆடிட் வர்ற அன்னிக்கி அவரே வந்து எடுத்துருவாரு. அவன் தப்புன்னு எழுதிட்டா அவனுக்கு ஒண்ணும் கெடைக்காது சார். ரயிலேத்தி வுட்ருவானுங்க."

பத்தொன்பது வருஷமாக எனக்கு இதே வேலை. ஒருவர்கூட இப்படித் தானாக வந்து சொன்னதில்லை. கேட்டால் தரையைப் பார்ப்பார்கள்.

செல்விக்கு வீடு பக்கத்துக் கிராமம்தான். பெண் குழந்தை இரண்டாவது படிக்கிறது. புருஷன் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. ஏ ஷிஃப்ட் என்றால் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டில் இருக்கலாம், அதனால்தான் இந்த வேலையையே பிடித்துக்கொண்டிருக்கிறாளாம்.

எழுந்து போகும்போது: "எம் பேர மட்டும் எழுதிராதீங்க சார்."

"எழுத மாட்டனுங்க" என்றேன்.

ஜூலை 11, வியாழன்

மேகமூட்டம். காலை முழுக்க லாட்ஜில் உட்கார்ந்து ரிப்போர்ட். எங்கள் படிவத்தில் ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும்.

1. விரல் ஏன் நசுங்கியது? மெஷின் இறங்கும்போது கை உள்ளே இருந்தது.
2. ஏன்? ஒரு பட்டனிலேயே மெஷின் இறங்கியது.
3. ஏன்? இடது பட்டன் செருகி வைக்கப்பட்டிருந்தது.
4. ஏன்? சூப்பர்வைசர் வைத்தார்.
5. ஏன்? இரண்டு கையால் ஓட்டினால் எட்டவே முடியாத டார்கெட்டை நிர்வாகம் வைத்திருக்கிறது.

ஐந்தாவதை எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்தது, உண்மையைச் சொல்வதென்றால். வழக்கமாக மூன்றில் நின்றுவிடுவோம்.

'தகவல் ஆதாரம்' என்று ஒரு கட்டம் உண்டு. காலியாக விட்டால் என் மேலதிகாரி சந்திரன் சார் திருப்பி அனுப்பிவிடுவார். நிரப்பினேன்: ஏ ஷிஃப்ட், செக்கிங் டேபிள், 10ஆம் தேதி, நேரில் கேட்டது. பெயர் போடவில்லை. வாக்கைக் காப்பாற்றினேன். பன்னிரண்டு மணிக்கு அனுப்பினேன், சந்திரன் சாருக்கும் வழக்கம்போலக் கம்பெனி மேனேஜருக்கும். அவர்களும் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி.

பிறகு ஷேர் ஆட்டோவில் வல்லக்கோட்டை. கூட்டம் இல்லை. முருகன் நிஜமாகவே ஏழடி இருப்பார், கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. புளியோதரை நன்று, மிளகு தூக்கல். குளக்கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. வனிதாவிடம் போனில் முழுவதையும் சொன்னேன். "நல்லது பண்ணிருக்கீங்க" என்றாள்.

பட்டியலில் மீதி: இட்லி, ஸ்ரீபெரும்புதூர், சேலை.

ஜூலை 12, வெள்ளி

மழை வரும்போல் இருந்து வரவில்லை.

எப்படி எழுதுவது. வரிசையாகவே எழுதுகிறேன்.

ஒன்பதரைக்குக் கம்பெனி. மேனேஜர் வாசலுக்கே வந்து கை குலுக்கினார். "நல்ல ரிப்போர்ட் சார், டீட்டெய்லா இருக்கு." லைனுக்குப் போனோம். இடது பட்டனில் ஒன்றும் இல்லை, புது பெயின்ட். செக்கிங் டேபிளில் மூன்று பெண்கள். செல்வி இல்லை.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. லீவு போலிருக்கிறது என்று நினைத்தேன். நடுவில் இருந்த பெண்ணிடம் ஏதோ கேட்டேன், சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவளும் சிரித்தாள். இருவரும் ஒடிசா, தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. மூன்றாவது பெண் இன்றைக்குத்தான் வேலைக்கு வந்தவள், கையுறையில் இன்னும் மடிப்புக்கூடக் கலையவில்லை. அப்போதுதான் புரிந்தது. கழிவறையில் போய் நின்றேன்.

அந்த டேபிளில், அந்த ஷிஃப்டில், என்னிடம் நேரில் பேசக்கூடியவள் ஒருத்திதான். நான் பெயரை எழுதவில்லை, அவளைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாதபடி எழுதியிருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக லைன், ஷிஃப்ட், தேதி என்று நிரப்பிப் பழகிய கை. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்த கை.

மேனேஜரிடம் கேட்டேன். "காண்ட்ராக்ட் சார். ஏஜென்சி ஆள மாத்திட்டாங்க. நம்ம கையில இல்ல."

பதினொன்றரைக்குச் சந்திரன் சார் போன். அவர்களோடு பேசிவிட்டார். "ஆதாரம்னு ஒரு ஒர்க்கரைக் காட்டிருக்கே. அந்த ஆளே இப்ப கம்பெனியில இல்லையாமே. யாருகிட்ட வெரிஃபை பண்றது? நாலாவதும் அஞ்சாவதும் நிக்காதுப்பா. மாத்திரு. அடுத்த மாசம் அவங்க சரக்கு நின்னா நம்ம லைன் நிக்கும், தெரியுமில்ல?"

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது யோசித்தால், எதிர்த்து ஒரு வார்த்தைகூட இல்லை.

புது 4: ஆபரேட்டர் அவசரப்பட்டுப் பட்டனைத் தானே செருகினார். புது 5: பயிற்சி போதவில்லை. நடவடிக்கை: பயிற்சி வகுப்பு, இந்தியில் எச்சரிக்கைப் பலகை. மாலை 4.50க்குக் கையெழுத்து. மேனேஜர் காஞ்சிபுரம் போகக் கார் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

வெளியே தனம் அக்கா கடை. போகாமல் இருந்திருக்கலாம். கேட்காமலே காப்பி வைத்தாள். "குடிச்சிட்டு கெளம்பு சார். இனிமே இந்த பெஞ்சில வந்து ஒக்காராத. இங்க ஒக்கார்ற பொண்ணுங்க பயப்படுதுங்க."

குடித்தேன். மார்க் போடவில்லை. செல்வி வீடு எங்கே என்று கேட்டேன். கிளாஸைக் கழுவிக்கொண்டே, ஏரிக்கரைப் பக்கம், தண்ணி டேங்குக்குப் பின்னாடி மூணாவது வூடு என்றாள்.

ஜூலை 13, சனி

வெயில். லாட்ஜைக் காலி செய்தாயிற்று. ஸ்ரீபெரும்புதூர் போகவில்லை.

பத்து மணிக்குச் செல்வி வீடு. ஷீட் போட்ட இரண்டு அறை. குழந்தை வாசலில் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. செல்வி துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள். திட்டுவாள் என்றுதான் தயாராகிப் போயிருந்தேன். தண்ணீர் கொடுத்தாள்.

"உங்க பேர நான் எழுதலீங்க. சத்தியமா எழுதல."

"தெரியும் சார். மேனேஜர் பிரிண்ட் எடுத்தாந்து காட்னாரு. பேரு இல்ல. ஏ ஷிஃப்ட், செக்கிங் டேபிள்னு இருந்துச்சி. அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் தமிழே தெரியாது. அப்பால யாரு சார்?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வேற எதுனா கம்பெனில பாத்துக்கறேன். ஏ ஷிஃப்ட் தான் கெடைக்காது. புள்ளைய எங்கனா வுட்டுட்டு போவணும்." வாளியை ஓரமாக நகர்த்தினாள். "ஆனா அந்த அஞ்சாவதுல எழுதினீங்களே சார், டார்கெட்டு பத்தி. மேனேஜர் கோவத்துல அத்த சத்தமா படிச்சாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடிச்சி. நம்ம வாயில வந்தத ஒருத்தர் எழுதிகீறாரேன்னு. போனது போவட்டும். அது அப்டியே நிக்குதுல்ல?"

வாயைத் திறந்தேன். மாற்றிவிட்டதைச் சொல்லத்தான் போயிருந்தேன்.

"நிக்குதுங்க" என்றேன்.

"அது போதும் சார். பிகாஷோட அண்ணன் ஊர்லேந்து வந்து ஆஸ்பத்திரில கூடவே இருக்குறாரு. அவரு ஒரு வக்கீல பாத்துகீறாரு. அந்த பக்கத்த மட்டும் போட்டோ புடிச்சி எனக்கு அனுப்புறீங்களா? நான் அவராண்ட குடுத்துடறேன்."

என் நம்பரைக் கேட்டாள். கொடுத்தேன். குழந்தை வந்து டாட்டா காட்டியது.

இப்போது காஞ்சிபுரம் பஸ், ஜன்னல் சீட். காஞ்சிபுரத்தில் மாறி சேலம் பஸ், அங்கிருந்து கோவை. இட்லி, சேலை இரண்டும் இல்லை. செல்வியிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது: "வணக்கம் சார் செல்வி". பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று: "மெதுவா அனுப்புங்க சார் அவசரம் இல்ல".

வியாழக்கிழமை ரிப்போர்ட் லேப்டாப்பில்தான் இருக்கிறது. அழிக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுக்க ஒரு நிமிஷம் போதும். வக்கீல் கையில் அது போனால் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் பெயர், பதவி, கையெழுத்து.

லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மூடினேன். அவர் தூங்கிய பிறகு மறுபடி திறந்தேன். வனிதாவிடமிருந்து போன், எடுக்கவில்லை.

வாலாஜாபாத்தில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றது. அங்கே வைத்து செல்வியின் நம்பரை பிளாக் செய்தேன்.